மஞ்சள் இலைக்குள் நடக்கும் வேலை

வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் பல்கனிகளில், காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவே எப்படியும் ஒரு துளசிச் சாடி இருக்கும். விடியற்காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற கை, நுனியில் தலைகாட்டும் கதிர்களையும் கையோடு கிள்ளிவிடும். ஏனென்று கேட்டால், "கதிரை முத்த விட்டால் செடி பட்டுப்போகும், பிள்ளை" என்பார் அம்மம்மா. அவர் சொல்வது சரி. கிள்ளாமல் விட்ட ஒரு கதிரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அது அடியிலிருந்து நுனி நோக்கிப் பூக்கும். அடிப்பூக்களின் இதழ்கள் உதிர்ந்து, புல்லிகள் காய்ந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு விதைகள் கறுத்துக்கொண்டிருக்கும் வேளையில் நுனியில் இன்னும் மொட்டு அவிழ்ந்துகொண்டிருக்கும். அதே நாட்களில் தண்டின் கீழ்ப்பக்கத்து இலைகள் வெளிறி மஞ்சளாகும்; புதிதாக வரும் தளிர்கள் சிறுத்துப்போகும். தண்ணீரும் வெயிலும் மண்ணும் முன்பிருந்தபடியேதான் இருக்கின்றன. செடிக்குள் எந்த மரபணு எப்போது வேலை செய்வது என்ற ஒழுங்கு மாறிவிட்டது.

விதைகள் தாய்ச்செடியின் சத்தையெல்லாம் இழுத்துக்கொள்கின்றன, வற்றிய செடி சாகிறது என்பதுதான் நெடுங்காலம் நிலவிய விளக்கம். 1920களின் இறுதியில் வியன்னாத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் இதை வலியுறுத்தி எழுதினார். இதில் பாதி உண்மை இருக்கிறது. சோயாச் செடியில் காய்களைப் பிடிக்கப் பிடிக்கப் பறித்துவிட்டால், இலைகள் வழமையான காலத்தைத் தாண்டியும் பச்சையாகவே நிற்கும். ஆனால் மற்றப் பாதியை இரண்டு அவதானிப்புகள் தகர்த்துவிட்டன. ஸ்பினச் கீரையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடி ஒரு விதைகூடத் தாங்குவதில்லை. ஆனாலும் பூத்து முடிந்ததும் அதுவும் மஞ்சளாகிச் சாகிறது. அதன் சத்தை யார் இழுத்தார்கள்? இரண்டாவது, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாரி நூடன் செய்த சோதனை. 1982இல் அவர் சோயா இலைக்காம்புகளில் நீராவி பாய்ச்சி, சத்துகளை வெளியே கொண்டுசெல்லும் உரியத்தின் உயிர்க்கலங்களைக் கொன்றார். தண்ணீர் ஏறும் காழ் மட்டும் எஞ்சியது. இப்போது இலையிலிருந்து எதுவும் காய்க்குப் போக வழியில்லை. அப்படியும், காய்கள் இருந்த செடியில் அந்த இலைகள் மஞ்சளாகின. அப்படியென்றால் உறிஞ்சுதலோடு ஒரு கட்டளையும் வருகிறது. இலை அதைக் கேட்டு நடக்கிறது.

கேட்டு நடப்பது என்றால் என்ன என்பதை மரபணு மட்டத்தில் பார்ப்பதற்கு முன் ஒரு சிறு விளக்கம். வேர்க்கலத்திலும் இலைக்கலத்திலும் பூவிதழ்க் கலத்திலும் இருக்கும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். எல்லாமே எந்நேரமும் வேலை செய்வதில்லை. வேலை செய்யும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. பிரதிகள் எடுக்கப்படுகின்றன, அந்தப் பிரதியைப் பார்த்துப் புரதம் கட்டப்படுகிறது. ஆகவே ஒரு இலையை அரைத்து அதிலுள்ள ஆர்.என்.ஏ. பிரதிகளை அளந்தால், அந்த நேரத்தில் அங்கே எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இருந்தது என்று தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தில் விக்கி புக்கனன்-வொலஸ்டனின் குழு இதை மிகப் பொறுமையாகச் செய்தது. எடுத்துக்கொண்ட செடி அராபிடோப்சிஸ்: கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, சாண் உயரக் களை. இன்றைய தாவர மரபணு அறிவில் பெரும்பங்கு இதிலிருந்து வந்ததுதான். செடிக்குச் செடி ஏழாவது இலையை மட்டும் எடுத்தார்கள். விதைத்த 19ஆம் நாளிலிருந்து 39ஆம் நாள் வரை, ஒன்றுவிட்ட ஒரு நாள், காலையில் ஒரு தடவையும் பின்னேரம் ஒரு தடவையுமாக 22 வேளைகளில் அளந்தார்கள். 2011இல் வெளியான முடிவு: இலை முதுமையடையும் அந்த மூன்று வாரத்துக்குள் 6,323 மரபணுக்களின் செயற்பாடு மாறுகிறது. அந்தச் செடியில் புரதம் தரும் மரபணுக்கள் மொத்தமே ஏறத்தாழ 27,000. கிட்டத்தட்ட நாலில் ஒன்று! வாடுகிற இலை என்று நாம் பார்ப்பதற்குள் இத்தனை வேலை நடக்கிறது. எனக்கு இந்த எண்ணைவிடவும் அதிலிருந்த வரிசைதான் பெரிய வியப்பு. எல்லாம் ஒன்றாகச் சரியவில்லை. பச்சையத்தை ஆக்கும் மரபணுக்கள் முன்னதாகவே தணிகின்றன. கலத்தின் பாகங்களைப் பிரித்து உருக்கும் மரபணுக்கள் எழுகின்றன. ஓமோன்களோடு தொடர்புடையவை தங்கள் தங்கள் முறையில் வருகின்றன.

வாடகை வீட்டைக் காலி செய்தவர்களுக்கு இந்த வரிசை புரியும். பெரிய தளபாடங்களை முதலில் கழற்றி, கட்டி, அனுப்பவேண்டும். ஆனால் மின்சாரத்தையும் சாவியையும் கடைசி நிமிடம் வரை கையில் வைத்திருக்கவேண்டும். இலையில் பெரிய தளபாடம் பச்சையவுருமணி. ஒளித்தொகுப்பு நடக்கும் அந்தச் சிறு உறுப்புகளில்தான் இலையின் நைதரசனில் முக்கால்வாசி அளவு புரதமாக முடங்கிக் கிடக்கிறது. அவை முதலில் கழற்றப்படுகின்றன. சக்தி தரும் இழைமணிகளும், மரபணுக்களை வைத்திருக்கும் கருவும் கடைசி வரை காக்கப்படுகின்றன. அவை போய்விட்டால் கழற்றும் வேலையை நடத்த யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்தக் கழற்றலில் மிகவும் ஆபத்தான சாமான் பச்சையம்தான். புரதத்தோடு ஒட்டியிருக்கும்வரை அது ஒளியை வாங்கி ஒழுங்காக ஒப்படைக்கும். தனியே கழன்று நின்றால், வாங்கிய ஒளிச்சக்தியை ஒட்சிசனிடம் கொடுத்துவிடும். அது நச்சு வடிவெடுத்துக் கலத்தையே எரித்துவிடும். எனவே பச்சையம் கழன்ற உடனே அதை நிறமற்ற, தீங்கற்ற பொருளாக்க ஒரு நொதியக் கூட்டமே வரிசையில் நிற்கவேண்டும். அந்தக் கழற்றலைத் தொடக்கிவைக்கும் மரபணுக்களில் ஒன்று பழுதானால் இலை முதிர்ந்தும் மஞ்சளாகாது, விதையும் பச்சையாகவே காயும். கிரெகர் மெண்டல் 1866இல் எழுதிய பட்டாணி ஆய்வில் வருகிற மஞ்சள் விதை, பச்சை விதை என்ற பிரிவு இதுவேதான் என்று 2007இல் கண்டுபிடித்தார்கள். பாடசாலையில் நாமெல்லாம் மனனம் செய்த அந்தப் பச்சைப் பட்டாணி, முதுமைக்கான ஒரு மரபணு பழுதான பட்டாணி.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. கொட்டாஞ்சேனைச் சந்தைப் பக்கம் பழக்கடையொன்றில் நன்றாக மஞ்சளாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தை வாங்கி, இருட்டறையில், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழே பிடியுங்கள். தோல் நீலமாக ஒளிரும். பச்சையம் சிதைந்து வந்த பொருட்களின் ஒளி அது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் பேர்ன்ஹார்ட் கிராய்ட்லரின் குழு 2008இல் இதை வெளியிட்டது. கவெண்டிஷ் என்ற ஏற்றுமதி வாழையினத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏறத்தாழ 24 பாகைக்கு மேல் பழுக்கவைத்தால் உள்ளே கனிந்து இனித்தாலும் தோல் முழுதாக மஞ்சளாகாது. வெப்பம், பச்சையத்தைச் சிதைக்கும் மரபணுக்களை அடக்கிவிடுகிறது. கொழும்பின் சராசரி வெப்பம் 27, 28 பாகை. பச்சையாகவே இருக்கிறது என்று கவெண்டிஷை ஒதுக்குகிறவர்கள் பல தடவை பழுத்த பழத்தைத்தான் ஒதுக்குகிறார்கள்.

பூப்பதற்கான கட்டளைக்கு வருவோம். அது நுனியில் பிறக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது இலையில் பிறக்கிறது. 1930களில் சோவியத் ஒன்றியத்தில் மிக்காயில் சைலாக்யான், இலைக்கு மட்டும் தகுந்த நீளத்தில் பகலைக் காட்டினாலே நுனி பூக்கிறது என்று கண்டு, இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒரு பொருள் பயணிக்கவேண்டும் என்றார். அந்தப் பொருளைப் பிடிக்க எழுபது ஆண்டுகள் ஆயின. 2007இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அராபிடோப்சிஸிலும், ஜப்பானின் நாரா நகரில் நெல்லிலும் ஒரே நேரத்தில் அகப்பட்டது: எஃப்.டி. என்ற மரபணு இலையில் உண்டாக்கும் சிறு புரதம். நெல்லில் அதற்குப் பெயர் எச்.டி.3ஏ. அது உரியத்தின் வழியே நுனிக்குப் போய், அங்கே இலை ஆக்கிக்கொண்டிருந்த கலங்களைப் பூ ஆக்கவைக்கிறது.

பகல் நீளம் என்றதும் இங்கே ஒரு சந்தேகம் வரும். கொழும்பில் ஜூன் மாத நெடும்பகலுக்கும் டிசம்பர் மாதக் குறும்பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணிநேரம் அளவுதானே? நமக்கு அது உறைப்பதேயில்லை. நெல்லுக்கு அது தாராளம். பூமத்திய ரேகைக்கு இன்னும் கிட்டவுள்ள மலாக்காவில் பகலின் ஏற்ற இறக்கம் 14 நிமிடம் மட்டுமே. அங்கே சியாம் 29 என்ற நெல்லை ஜனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாளும், செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளும் எடுத்ததாக 1959இல் பதிவாகியிருக்கிறது. நெல்லின் இலையில் எச்.டி.3ஏயைத் தூண்டும் மரபணு ஒன்றும் அடக்கும் மரபணு ஒன்றும் நாள்தோறும் இழுபறிப்படுகின்றன. அரை மணிநேரப் பகல் வித்தியாசம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்கப் போதும் என்று 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நமது பழைய நெல்லினங்கள் சில பெரும்போகத்துக்கு மட்டுமே சரிவந்ததற்கும், பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பிறகு வந்த இனங்கள் இரண்டு போகத்திலும் விளைவதற்கும் பின்னாலுள்ள வேறுபாடு இதுதான்.

ஆனால் பகல் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் சிறு நாற்று பூக்காது. வயது போதாது. செடிக்கு வயது எப்படித் தெரியும்? இளஞ்செடியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 என்ற ஒரு துணுக்கு நிறைய இருக்கும். அது புரதம் எதையும் தருவதில்லை. பூப்புக்கு இட்டுச்செல்லும் ஒரு மரபணுக் குடும்பத்தின் பிரதிகளைத் தேடிப் பிடித்து முடக்குவதே அதன் வேலை. நாள் போகப்போக அதன் அளவு இறங்குகிறது, முடங்கிக்கிடந்தவை எழுகின்றன. 2009இல் அமெரிக்காவில் ஸ்கொட் போத்திக்கின் குழுவும் ஜெர்மனியில் டெட்லெஃப் வைகலின் குழுவும் இதைத் தனித்தனியே வெளியிட்டன. 2013இல் இன்னொன்று தெரிந்தது: அதை இறக்குவது இலைகள் ஆக்கும் சீனி. செடி எண்ணுவது நாட்களையல்ல, தான் சேர்த்த உணவை. கொட்டையிலிருந்து முளைத்த மாங்கன்று காய்க்கப் பல வருடம் காத்திருக்கவேண்டும். காய்த்த கறுத்தக்கொழும்பானிலிருந்து வெட்டி ஒட்டிய கன்று மூன்று நான்கு வருடத்தில் பூப்பதைத் தோட்டம் வைத்திருக்கும் எவரும் அறிவார்கள். ஒட்டிய கொப்பு தன் வளர்ந்த பருவத்தையும் கொண்டே வருகிறது.

பூப்பதையும் மூப்பதையும் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் இரண்டு தனித்தனி வழிகளில் போனது. அவை சந்திக்கும் இடத்தை என்னால் வியக்காமல் எழுத முடியவில்லை. 2008இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில், அராபிடோப்சிஸில் நுனியைப் பூவாக்க உதவும் சொக்-1, ஃபுல் என்ற இரண்டே மரபணுக்களை முடக்கினார்கள். செடி தாமதமாகத்தான் பூக்கும் என்று எதிர்பார்ப்போம். அது பூத்த பிறகும் சாகவில்லை. பக்கக் கிளைகள் மறுபடி இலை விட்டன, தண்டு தடித்து மரத்தன்மை கொண்டது, சில வாரத்தில் முடிந்திருக்கவேண்டிய களை பல பருவம் வாழும் புதராகியது. பூக்கச்சொல்லும் அதே மரபணுக்கள்தான், பூத்தபின் திரும்பி வராதே என்றும் சொல்லியிருக்கின்றன. பிறகு 2018இல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஃபுல்லின் இன்னொரு பங்கு வெளிப்பட்டது: நுனிக்கலங்களைத் தொடர்ந்து பிரியவைக்கும் மரபணுக்களை அது படிப்படியாக அடக்குகிறது, ஒரு நாள் நுனி புதுப்பூ ஆக்குவதை நிறுத்திவிடுகிறது. இந்த நிறுத்தத்துக்கு வளரும் விதைகளும் காரணம். விதை பிடிக்காத மலட்டு அராபிடோப்சிஸ் மேலும் மேலும் பூத்துக்கொண்டே போகும்.

ஆனால் அந்தச் செடியின் இலைகளோ, விதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் காலத்தில் மஞ்சளாகிவிடுகின்றன. சோயாவில் கண்டதை எல்லாச் செடிக்கும் பொருத்தக்கூடாது. அராபிடோப்சிஸ் இலைக்கு வயதை அறிவிப்பது இன்னொரு துணுக்கு, மைக்ரோ ஆர்.என்.ஏ. 164. இள இலையில் அது ஓரே-1 என்ற மரபணுவின் பிரதிகளை முடக்கி வைத்திருக்கிறது. வயது ஏற ஏற எதிலீன் ஓமோனின் வழியாக அது குறைக்கப்படுகிறது. ஓரே-1 எழுந்து, பச்சையத்தையும் புரதத்தையும் கழற்றும் மரபணுக்களை வேலைக்கு அழைக்கிறது. தென்கொரியாவின் போஹாங்கில் நாம் ஹொங்-கிலின் குழு இதை 2009இல், மேலே சொன்ன 156இன் அதே ஆண்டில், வெளியிட்டது. முழுச்செடி பூக்கும் பருவத்தை அளப்பதற்கும், ஒரு தனி இலை முடியும் காலத்தை அளப்பதற்கும் ஒரே உபாயம்: இளமையில் நிறைய இருந்து, வயதோடு இறங்கும் ஒரு துணுக்கு.

எது மூப்படைகிறது, செடியா அதன் ஒரு பகுதியா என்ற கேள்விக்கு வாழையைப் போல் தெளிவாகப் பதில் சொல்லும் தாவரம் நம் வளவுகளில் வேறில்லை. முப்பது நாற்பது இலை விட்டபின் வாழையின் நுனி பூவாகிவிடுகிறது. பொத்தி வெளியே வந்தால் அதன்பின் ஒரு புது இலை கிடையாது. அப்போது இருக்கிற இலைகளே குலை முழுவதையும் நிரப்பியாகவேண்டும். குலையோடு அந்த மரம் முடிகிறது. அதே கிழங்கில், அதே மரபணுத் தொகுதியோடு, பக்கத்தில் நிற்கும் குட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை.

குட்டி விடாத மரமும் இந்தத் தீவில் உண்டு. பேராதனைப் பூங்காவில் நிற்கும் தாளிப்பனை 30 முதல் 80 ஆண்டுகள் வரை இலை மட்டுமே விட்டு வளர்ந்து, பிறகு ஒரே ஒரு தடவை, ஆறு மீற்றருக்கும் உயரமான பூங்கதிரை உச்சியில் ஏற்றும். தாவர உலகில் இதைவிடப் பெரிய பூங்கொத்து கிடையாது. காய்கள் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம். அதற்குள் இலைகள் ஒவ்வொன்றாய்த் தொங்கி மரம் செத்துவிடும். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியான தன் நூலில் இந்த மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மரம் விதைக்குப் போகுமுன் வெட்டி, தண்டின் சோற்றை இடித்து மாவாக்கி மக்கள் ரொட்டி சுடுவார்களாம். பூப்பதற்கு முன் என்பதுதான் முக்கியம். அதுவரை தண்டில் சேர்ந்த மாப்பொருளெல்லாம் பூத்தபின் மேலே போய்விடும். மரபணு என்ற எண்ணமே இல்லாத காலத்தில், அந்த இடப்பெயர்வின் நேரத்தை மட்டும் சரியாகக் கணித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

நம் சமையலறையிலும் இதே மரபணுக்கள் வேலை செய்கின்றன. பறித்துக் கட்டிய வல்லாரை பையின் இருட்டில் ஒரு நாள் கிடந்தால் மஞ்சளடிக்கிறது. ஒளி உள்ளபோது அடங்கியிருக்கும் சில புரதங்கள் இருட்டில் திரண்டு, வயதோடு எழவேண்டிய அதே ஓரே-1ஐ முன்கூட்டியே எழுப்பிவிடுகின்றன. அது கெட்டுப்போன இலை அல்ல. இன்னும் உயிரோடு, தன் சரக்கைப் பிரித்துக்கொண்டிருக்கும் இலை. 1995இல் விஸ்கொன்சினில் சூஷெங் கான், ரிச்சர்ட் அமசினோ இருவரும் புகையிலையில் இதற்கு எதிரான வழியொன்றைச் செய்து காட்டினார்கள். முதுமையில் மட்டும் எழும் மரபணுவின் தூண்டற்பகுதியோடு, இளமை காக்கும் சைற்றோகைனின் ஓமோனை ஆக்கும் மரபணுவைப் பொருத்தினார்கள். இலை மூக்கத் தொடங்கினால் ஓமோன் வரும். ஓமோன் வந்தால் மூப்பு நிற்கும். மூப்பு நின்றால் ஓமோனும் நிற்கும். இலைகள் நெடுநாள் பச்சையாக நின்றன.

பச்சையாக நின்றால் நல்லதுதானே என்று தோன்றும். கோதுமை அதற்கு உடன்படவில்லை. 2006இல் கலிபோர்னியாவின் டேவிஸில் கிறிஸ்டோபல் உவாயியும் ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கியும், காட்டுக் கோதுமையிலிருந்து நாம்-பி1 என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். இலையின் மூப்பை விரைவுபடுத்துவதே அதன் வேலை. அந்த மரபணுக் குடும்பத்தைக் கோதுமையில் அடக்கிப் பார்த்தபோது இலைகள் மூன்று வாரத்துக்கும் மேலாகப் பச்சையாக நின்றன. தானியத்திலோ புரதம், இரும்பு, நாகம் மூன்றும் 30 வீதத்துக்கு மேல் குறைந்தன. இலை உரிய காலத்தில் தன்னைக் கழற்றாவிட்டால் மணிக்குச் சத்துப் போய்ச்சேராது. இன்று பயிராகும் கோதுமையினங்கள் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு வேலை செய்யாத பிரதியாகவே கிடக்கிறது. காலையில் பாண் வாங்கிச் சாப்பிடுகிற நகரம் ஒன்றுக்கு, இரும்புக் குறைபாட்டால் சோர்ந்திருக்கும் பெண்கள் உள்ள வீடுகளுக்கு, இது தொலைதூர ஆராய்ச்சிச் செய்தியல்ல. வழி முன்பே ஒன்று திறந்திருந்தது. கனடாவின் மேற்குச் சமவெளிகளில் பரவலாக விதைக்கப்பட்ட லிலியன் என்ற கோதுமையினம், காட்டுக் கோதுமையின் வேலை செய்யும் பிரதியைச் சாதாரண இனக்கலப்பின் மூலமே பெற்றது. மரபணு இன்னதென்று யாரும் அடையாளம் காணுமுன், மணியில் புரதம் கூடியிருந்த செடிகளைத் தேர்ந்து தேர்ந்தே அதைக் கொண்டுவந்திருந்தார்கள்.